100 எம்பிபிஎஸ் லைன் போட்டும் ஏன் 12-தான் வருது? பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்யும் திருப்பூர் கம்பெனிகளுக்கு ஒரு வேகக் கணக்கு

"ஏனுங்க, நூறு எம்பி லைன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? இங்க பன்னெண்டுகூட வரமாட்டேங்குதுங்களே!"

"நூறு வருதுங்கண்ணா. நீங்க பாக்குறது வேற எம்பிங்க."

பனியன் கம்பெனி ஓனருக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவருக்கும் இடையே இப்படி ஒரு பேச்சு நடப்பதை எந்த ஆபீசிலும் கற்பனை செய்துகொள்ளலாம். இதில் ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஓனர் பார்ப்பது மெகாபைட். லைன்காரர் சொல்வது மெகாபிட். ஒன்றுக்கும் மற்றதுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் பத்து, பதினைந்து வருஷ டிசைன், பேட்டர்ன், பில், ஷிப்பிங் பேப்பர் எல்லாம் அடங்கிய ஒரு பழைய டிஸ்க்கை இன்று ராத்திரிக்குள் காப்பி பண்ணிவிடலாமா, இல்லை மூன்று நாள் ஆகுமா என்பதை முடிவு செய்வது இந்த எட்டுதான்.

இப்போ எதுக்கு இந்தக் கணக்கு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், ஓரளவு புதிய பிராசஸர் வேண்டும். 2016, 2017-க்கு முன்பு வாங்கிய பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இந்தப் பரீட்சையில் ஃபெயில். வருஷத்துக்கு ரூ.40,000 கோடியை ஒட்டி பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், கணக்கு எழுதும் அறையிலும் கேட் ரூமிலும் இப்படிப்பட்ட மெஷின்களுக்குப் பஞ்சம் இருக்காது. மெஷினை மாற்றினால், அதற்குள் இருக்கும் சரக்கையும் இடம் மாற்றியாக வேண்டும்.

சரக்கைத் தூக்கி எறிய முடியாதா? முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, அந்தந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு, பில்களை வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி தொடங்கிய 2017-18 ஆண்டுக்கான ரிட்டர்ன் கெடு 2020 பிப்ரவரி வரை நீண்டது. அப்படியென்றால் அந்த முதல் வருஷப் பேப்பரையே 2026 பிப்ரவரி வரை வைத்திருக்க வேண்டிய கணக்கு. அப்பீல் ஏதும் நிலுவையில் இருந்தால் இன்னும் கூடும்.

பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிகள் சட்டம் 8 நிதியாண்டுக் கணக்கு கேட்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்த என்ட்ரியை எப்போது மாற்றினார்கள் என்று பதிவாகும் சாஃப்ட்வேர்தான் பயன்படுத்த வேண்டும். எலக்ட்ரானிக் கணக்கின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. "தினமும்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு நாளில் முடியாத பேக்கப்பை தினமும் எடுக்க முடியாது. அங்கேதான் வேகக் கணக்கு வருகிறது.

ஐரோப்பியப் பக்கமும் ஒரு நெருக்கடி காத்திருக்கிறது. நிலைத்த பொருள்களுக்கான வடிவமைப்பு விதி அங்கே 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. 2025 ஏப்ரலில் வெளியான முதல் செயல்திட்டத்தில் ஆடைகள் முன்வரிசையில் இருக்கின்றன. ஆடைக்கான தனி விதி 2027 வாக்கில் எதிர்பார்க்கப்படுகிறது. டிஜிட்டல் பாஸ்போர்ட் என்ற பெயரில் ஒரு டி-ஷர்ட்டின் பின்னணித் தகவலைக் கேட்கப் போகிறார்கள். அதைக் கொடுக்க வேண்டுமென்றால் நூல், சாயம், லாட் விவரமெல்லாம் தேடினால் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும். பரண்மேல் கிடக்கும் சிபியுவுக்குள் இருந்தால் பிரயோஜனமில்லை.

பிட் என்றால் பீஸ், பைட் என்றால் எட்டு பீஸ் பாக்கெட்

சரி, மேட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டரில் மிகச் சின்ன அலகு பிட். ஒன்று அல்லது பூஜ்யம், அவ்வளவுதான். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். பிட்டைத் தனி பீஸ் என்றும், பைட்டை எட்டு பீஸ் கொண்ட பாக்கெட் என்றும் வைத்துக்கொண்டால் போதும். பீஸ் கணக்கில் 100 வந்தால், பாக்கெட் கணக்கில் 12.5.

நெட்வொர்க்காரர்கள் பீஸில் பேசுவார்கள். காரணம், ஒயரில் ஒவ்வொரு பிட்டாகத்தான் ஓடுகிறது. தந்திக் காலத்திலிருந்தே அந்த உலகத்தின் கணக்கு வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான். டிஸ்க் செய்பவர்கள் பாக்கெட்டில் பேசுவார்கள். அவர்கள் விற்பது ஃபைல் வைக்கும் இடம், ஃபைல் அளக்கப்படுவது பைட்டில். ரெண்டும் வேறு வேறு வியாபாரம், வேறு வேறு படி.

ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்து போட்டால் பைட், சின்ன எழுத்து போட்டால் பிட் என்று ஒரு வித்தியாசமாவது உண்டு. தமிழில் அதுவும் கிடையாது. வாயால் சொன்னாலும் எழுதினாலும் ரெண்டுமே "எம்பி"தான். சண்டையில் பாதி இதனாலேயே வருகிறது என்பது நம் கணிப்பு. அதனால் இந்தக் கட்டுரையில் மெகாபைட், மெகாபிட் என்று முழுசாகவே எழுதுகிறோம். கொட்டேஷன் வாங்கும்போது நீங்களும் முழுசாகவே எழுதச் சொல்லுங்கள்.

திருப்பூருக்கு இந்த மாதிரி மாற்றுக் கணக்கு புதுசு இல்லை. இங்கே முப்பதாம் நம்பர் நூல் என்பதை வெளிநாட்டில் டெக்ஸ் கணக்கில் கேட்டால், 590.5-ஐ முப்பதால் வகுத்து 19.7 என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு இது எவ்வளவோ சுலபம். எட்டால் பெருக்கு, எட்டால் வகு. அவ்வளவே.

பழைய டிஸ்க்கின் லேபிளில் இருப்பது என்ன?

அகலமான சாம்பல் நிற ரிப்பன் ஒயர் மாட்டிய டிஸ்க் ஞாபகம் இருக்கிறதா? ஐடிஇ என்பார்கள். அதில் 33, 66, 100, 133 என்று தலைமுறைகள் வந்தன. அந்த எண்கள் வினாடிக்கு மெகாபைட். எட்டால் பெருக்கினால் முறையே சுமார் 266, 533, 800, 1,064 மெகாபிட்.

அதாவது, தூக்கிப் போடலாம் என்று நினைக்கும் அந்த ஐடிஇ 100 டிஸ்க்கின் இணைப்பு, காகிதக் கணக்கில், இன்றைய 100 எம்பிபிஎஸ் லைனைவிட எட்டு மடங்கு வேகம்!

அடுத்து வந்த சாட்டா டிஸ்க்கில் கதை மாறியது. மெல்லிய ஒயர், ஒவ்வொரு பிட்டாக ஓடும் முறை. அதனால் கம்பெனிகளும் பிட் கணக்குக்கு மாறின. 1.5 ஜிகாபிட், 3 ஜிகாபிட், 6 ஜிகாபிட் என்று லேபிள். இங்கே எட்டால் வகுத்தால் தப்பாகிவிடும். இந்த ஒயரில் எட்டு பிட் தகவலை அனுப்ப பத்து பிட் ஓட்டுகிறார்கள். மிச்ச ரெண்டு, சிக்னல் தடுமாறாமல் இருப்பதற்காக. ஆகவே பத்தால் வகுக்க வேண்டும். 1.5 ஜிகாபிட் என்றால் 150 மெகாபைட், 3 என்றால் 300, 6 என்றால் 600.

யுஎஸ்பி 2.0 போர்ட்டில் 480 மெகாபிட் என்று போட்டிருக்கும். எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். நடைமுறையில் 30, 35-ஐத் தாண்டுவது அபூர்வம். யுஎஸ்பி 3.0-வில் 5 ஜிகாபிட். அதுவும் பத்தால் வகுக்கும் ரகம், 500 மெகாபைட்.

இதெல்லாமே ரோட்டின் அகலம்தான், வண்டியின் வேகம் அல்ல. ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, ஒரு தலை படிக்கிறது. 2000-களின் நடுவில் வந்த 80 ஜிபி டிஸ்க் உண்மையில் வினாடிக்கு 40, 50 மெகாபைட் படித்தால் நல்ல டிஸ்க். அதுவும் தட்டின் வெளி ஓரத்தில். உள்பக்கம் போகப் போக பாதியாகும். லேபிளில் 133 இருக்கிறதே என்று அதை நம்பி டைம் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை. 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கில் ஐம்பது தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. வினாடிக்கு 8,800 எழுத்து படித்தது. ஒரு எழுத்துக்கு ஆறு பிட் என்று போட்டால் 52,800 பிட். போன் லைனில் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டே கனெக்ட் ஆன 56 கிலோபிட் மோடத்தின் வேகம்!

அதையும் மிஞ்சும் பழசு நம் எம்பிராய்டரி யூனிட்களில் இருந்தது. 1.44 எம்பி ஃபிளாப்பி வினாடிக்கு 500 கிலோபிட், அதாவது 62.5 கிலோபைட். சீரியல் கேபிளில் 9,600 என்று செட் பண்ணி டிசைன் ஏற்றும் மெஷின் என்றால், ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு பிட் சேர்ந்து பத்தாகும். வினாடிக்கு 960 பைட்தான். 40 கிலோபைட் டிசைன் ஏற 42 வினாடி. ஆனால் அந்த மெஷினுக்கு அது போதும். ஊசி அதைவிட மெதுவாகத்தான் இறங்கும்.

கடைசி வரைக்கும் எது மெதுவோ, அதுதான் வேகம்

பவர் டேபிள் ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓவர்லாக் எவ்வளவு வேகமாக ஓடினாலும், செக்கிங்கில் ஒரே ஆள் என்றால் சாயங்காலம் பேக்கிங்குக்குப் போகும் பீஸ் செக்கிங் ஆளின் கணக்குதான்.

ஒரு 500 ஜிபி சாட்டா டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு வருஷப் பழசு. சராசரியாக 80 மெகாபைட் படிக்கிறது என்று வையுங்கள். மதர்போர்டிலேயே நேராக மாட்டிப் புதிய டிஸ்க்குக்கு காப்பி செய்தால் 6,250 வினாடி. ஒன்றே முக்கால் மணி நேரம், ஒரு சினிமா இடைவேளை தாண்டும் நேரம்.

அதே டிஸ்க்கை யுஎஸ்பி 2.0 அடாப்டரில் மாட்டினால் 30 மெகாபைட். நாலரை மணி நேரத்துக்கு மேல். ஆபீஸ் நெட்வொர்க் வழியாக, 100 மெகாபிட் ஸ்விட்ச்சில் அனுப்பினால் 11.8 மெகாபைட், கிட்டத்தட்ட 12 மணி நேரம். ஜிகாபிட் ஸ்விட்ச் என்றால் மறுபடி டிஸ்க்தான் மெதுவான ஆள், அதே ஒன்றே முக்கால் மணி.

இப்போது இண்டர்நெட் வழியாக, கிளவுடுக்கு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் பிளான் என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இறக்கும் வேகம். பேக்கப்புக்கு வேண்டியது ஏற்றும் வேகம். சில பிளான்களில் ரெண்டும் சமம், சிலவற்றில் ஏற்றுவது ரொம்பக் குறைவு. ஏற்றும் வேகம் 20 மெகாபிட் என்றால் வினாடிக்கு 2.5 மெகாபைட். 500 ஜிபி ஏற 2 லட்சம் வினாடி. வழிச்செலவையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டரை நாள். நடுவில் கரண்ட் போனால் சாஃப்ட்வேர் விட்ட இடத்திலிருந்து தொடருமா என்று வேறு பார்க்க வேண்டும்.

மத்திய அரசு 2023 ஜனவரியில் "பிராட்பேண்ட்" என்று சொல்லக் குறைந்தபட்சம் வைத்த வேகம் 2 எம்பிபிஎஸ். அந்த வேகத்தில் 1 டிபி டிஸ்க்கை அனுப்பினால் 46 நாள்.

நம் பார்வையில், பல இடங்களில் குற்றவாளி பழைய டிஸ்க் இல்லை. 40 மெகாபைட் படிக்கும் அந்தக் கிழட்டு ஐடிஇ டிஸ்க்கே 320 மெகாபிட். அதற்கு முன்னால் 100 மெகாபிட் ஸ்விட்ச்சையோ, 20 மெகாபிட் அப்லோடையோ வைத்துவிட்டு, "டிஸ்க் பழசு, அதான் ஸ்லோ" என்று பழிபோடுவது நியாயமில்லை.

11.3 வருதா? ஒயரைப் பாருங்க

இது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண். விண்டோஸில் நெட்வொர்க் வழியாக ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது காட்டும் வேகம் 11.3-ஐ ஒட்டி அசையாமல் நின்றால், நீங்கள் 100 மெகாபிட் இணைப்பில் இருக்கிறீர்கள், அது ஒழுங்காகவே வேலை செய்கிறது என்று அர்த்தம். ஜிகாபிட்டில் அதுவே 113.

12.5 ஏன் 11.3 ஆகிறது? ரெண்டு கழிவு. முதலாவது பேக்கிங் செலவு. ஒயரில் டேட்டா சும்மா போகாது. 1,460 பைட் சரக்குக்கு விலாசம், சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து 1,538 பைட் ஓடுகிறது. கார்ட்டன் எடையும் லாரியில் ஏறுமே, அது மாதிரி. ஐந்து சதவீதம் அதில் போயிற்று. இரண்டாவது, விண்டோஸ் மெகாபைட்டை 1,000 ஆயிரமாக எண்ணாமல் 1,024 பெருக்கல் 1,024 என்று எண்ணுகிறது. அதில் இன்னொரு ஐந்து சதவீதம் சின்னதாகத் தெரியும்.

புதிய ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி மாட்டியும் 11.3-தான் வருகிறதா? ஒயரைச் சந்தேகப்படுங்கள். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி எலி கடித்து அறுந்திருந்தாலும், கிரிம்ப் பண்ணும்போது நாலு கம்பி மட்டும் போட்டிருந்தாலும், ஸ்விட்ச் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும், நெட் வரும், யாருக்கும் தெரியாது. கட்டிங் செக்ஷனிலிருந்து ஆபீசுக்கு நீளமாக இழுத்த கேபிள் நூறு மீட்டரைத் தாண்டியிருந்தாலும் சிக்கல். புது சர்வருக்கு லட்சக்கணக்கில் கொட்டேஷன் வாங்கும் முன்பு, சில நூறு ரூபாய் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

500 ஜிபி டிஸ்க்கில் 465 காட்டுவதும் இதே 1,024 கதைதான். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. 1 டிபி 931 ஆகத் தெரியும். யாரும் எதையும் திருடவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் கிபி, மெபி, ஜிபி என்று 1,024 கணக்குக்குத் தனிப் பெயர்களே வைத்தது. தமிழில் உச்சரித்தால் அதிலும் ஜிகாபைட்டும் ஜிபிபைட்டும் "ஜிபி" ஆகிவிடுகிறது, என்ன செய்ய!

குட்டிக் குட்டி ஃபைல்னா கணக்கே வேற

மேலே சொன்னதெல்லாம் பெரிய ஃபைல்களுக்கு. எம்பிராய்டரி டிசைன், பேட்டர்ன், ஸ்கேன் செய்த பில் என்று சில பத்து கிலோபைட் ஃபைல்கள் ரெண்டு லட்சம் இருந்தால், மொத்தம் சில ஜிபிதான் வரும். ஆனால் காப்பி சீக்கிரம் முடியாது. 7,200 சுற்று ஓடும் டிஸ்க்கில் தலை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க சுமார் 13 மில்லிசெகண்ட் ஆகும். ஒரு ஃபைலுக்கு மூன்று தடவை நகர்ந்தாலும், ரெண்டு லட்சம் ஃபைலுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெறும் நடையிலேயே போய்விடும். முடிந்தால் டிஸ்க்கை மொத்தமாக இமேஜ் எடுங்கள். தலை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். ஏற்கெனவே சத்தம் போட ஆரம்பித்த டிஸ்க் என்றால் இதுதான் சரியான வழியும்கூட.

பஸ்ஸுக்கு எத்தனை எம்பிபிஎஸ்?

சென்னையில் இருக்கும் ஆபீசுக்கு 2 டிபி டேட்டா போக வேண்டும். ராத்திரி பஸ்ஸில் பையில் போட்டு ஆளை அனுப்பினால் ஒன்பது மணி நேரம். கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 490 மெகாபிட். நம் 20 மெகாபிட் அப்லோடில் அதுவே ஒன்பது நாளுக்கு மேல்.

கிண்டல் இல்லை. அமேசான் 2016-ல் 45 அடி கண்டெய்னர் லாரி ஒன்றை அறிமுகம் செய்தது. 100 பெட்டாபைட் டேட்டாவை ஏற்றி ரோட்டில் ஓட்டிக்கொண்டு போவதற்காக. தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் அனுப்பியே பழகிய ஊருக்கு இது புரியும். முதல் முழு பேக்கப்பை டிஸ்க்கிலேயே கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதன்பிறகு தினமும் மாறியதை மட்டும் லைனில் அனுப்புவது பல இடங்களுக்கு ஒத்துவரும். ஒரு நாளில் புதிதாகச் சேருவது 4 ஜிபி என்றால், 20 மெகாபிட் அப்லோடில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "தினமும்" என்ற விதிக்கும் அது போதும்.

காப்பி முடிந்ததும் உடனே பழைய டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துவருகிறதா பாருங்கள். அளவை ரெண்டு இடத்திலும் பைட்டிலேயே பாருங்கள், ஜிபியில் பார்த்தால் மறுபடி 465 சண்டை வரும். ஏதாவது ஐந்தாறு பழைய டிசைனையும் ஒரு 2018 பில்லையும் புதிய இடத்திலிருந்து திறந்து பாருங்கள். தொழிலாளர்களின் ஆதார் நகல், பேங்க் விவரம் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். வெறுமனே டெலீட் செய்தால் திரும்ப எடுத்துவிடலாம். முழுசாக மேலெழுதி அழிக்கும் வேலைக்கும் கணக்கு அதேதான்: 80 மெகாபைட் வேகத்தில் 500 ஜிபி, ஒன்றே முக்கால் மணி நேரம்.